எர்த் சரியாக இருந்த மேசையில் போர்டுகள் ஏன் கெட்டன? பீனியா தொழிற்கூடம் ஒன்றில் நடந்த நிலைமின் ஆய்வு

பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டையில், சீலிங் ஃபேன்களுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் பூட்டி அனுப்பும் சிறிய தொழிற்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, சோதனையில் தேறிய போர்டுகள் வாடிக்கையாளர்களிடம் சென்றபின் பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஃபேன் சுழலும், ரிமோட்டை அழுத்தினால் வேகம் மாறாது. திரும்பி வந்த போர்டுகளில் பழுது ஒரே இடத்தில்தான் இருந்தது. ரிமோட் கட்டளையை மேலே கடத்தும் சிறிய மாஸ்ஃபெட் (கேட் முனையின் மின்னழுத்தத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர்) ஒன்றைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால், கேட் முனைக்கும் சோர்ஸ் முனைக்கும் இடையே திறந்த சுற்றாகக் காட்ட வேண்டிய மீட்டர் சில நூறு ஓம் காட்டியது. கேட்டுக்கு அடியில் இருக்கும் சிலிக்கான் டை ஆக்சைடு படலம் துளைபட்டிருந்தால்தான் மீட்டர் அப்படிக் காட்டும்.

அந்தப் படலத்தின் தடிமன் இவ்வகை மாஸ்ஃபெட்டுகளில் சில பத்து நானோமீட்டர்தான். சிலிக்கான் டை ஆக்சைடு மிகச் சிறந்த மின்காப்புப் பொருள். ஒரு நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் வரை அது தாங்கும். சாதாரணக் காற்றோ ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டில், அதாவது மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் என்ற மின்புலத்தில், முறிந்து பொறி விடுகிறது. காற்றைவிட முந்நூறு மடங்குக்கு மேல் வலிமையுள்ள பொருளாக இருந்தும், 50 நானோமீட்டர் தடிமனுக்கு 50 வோல்ட்டே அதன் எல்லை ஆகிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் கேட்டுக்கு 20 வோல்ட்டுக்கு மேல் தரக் கூடாது என்று குறிப்பதற்கு இதுவே காரணம். நம் உடலில் 3,000 வோல்ட் அளவுக்கு நிலைமின்னழுத்தம் ஏறினால்தான் கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுரீர் என்கிறது. அதற்குக் கீழே நடப்பது எதையும் நம் தோல் உணர்வதில்லை. ஆகவே “யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை, அதனால் ஸ்டேட்டிக் இல்லை” என்று தொழிற்கூடத்தின் முதல் அறிக்கை எழுதியிருந்த முடிவுக்கு அடிப்படையே கிடையாது.

முதலில் சந்தேகிக்கப்பட்டவை

மாஸ்ஃபெட்டுகள் போலியாக இருக்கலாம் என்ற ஐயம் விரைவிலேயே நீங்கியது. பழுதான போர்டுகளில் இருந்த அதே பெட்டியின் மாஸ்ஃபெட்டுகள் வேறொரு மாடல் போர்டிலும் பயன்பட்டன. அந்த மாடலில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சோல்டரிங் இரும்பின் முனையில் கசிவு மின்னழுத்தம் இருக்கலாம் என்ற ஐயமும் அளந்து பார்த்தவுடன் விலகியது.

அதிக நாட்களைத் தின்றது எர்த் பற்றிய ஐயம்தான். முந்தைய ஆண்டும் இதே மாதங்களில் இதே பழுது வந்திருக்கிறது. அப்போது எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் புதிதாக நிரப்பி, நாள்தோறும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் பழுது நின்றுவிட்டது. “எர்த் குழி புதுப்பிக்கப்பட்டது, பழுது நீங்கியது” என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதை அந்தக் கோப்பில் யாரும் எழுதி வைக்கவில்லை. இவ்வாண்டு பழுது திரும்பியதும், மறுபடியும் குழியில் உப்பைக் கொட்டினார்கள்.

எர்த் குழியின் தடை மின்கசிவுப் பாதுகாப்புக்கு மிக முக்கியமானது. பெரிய மின்னோட்டம் பூமிக்குப் போக வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு ஓமும் கணக்கில் சேரும். நிலைமின்னுக்கு அந்தக் கணக்கே வேறு. மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிகோஃபாரட். உடலின் நிலைமின்னைப் பூமிக்கு இறக்கக் கையில் கட்டும் மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில், அணிந்திருப்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்காக, 10 லட்சம் ஓம் தடை ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால், மின்னூட்டம் வடிய ஆகும் நேரத்தின் அளவாக 100 மைக்ரோநொடி வருகிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆகும் அந்த நேரத்தில் உடலின் மின்னூட்டத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். 10 லட்சம் ஓமை வேண்டுமென்றே சேர்த்த பாதையில், குழியின் தடை 2 ஓமா 20 ஓமா என்பது எந்த மாற்றத்தையும் தராது.

மேற்பார்வையாளர் சொன்னது

பூட்டும் வரிசையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தாசரஹள்ளியிலும் ஸ்ரீராம்புரத்திலும் குடியிருப்பவர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். வரிசையின் மேற்பார்வையாளரை எல்லோரும் அக்கா என்றே அழைப்பார்கள். ஆய்வுக்காக நான் போன முதல் நாளே அவர் ஒரு செய்தி சொன்னார். “எர்த் பண்ணின மேசையிலதான் சார் போர்டு போகுது. கையால ஸ்க்ரூ முடுக்குற மேசையில அவ்வளவா போகல.” இதை அவர் முன்பே சொல்லியிருக்கிறார், நடக்க முடியாதது என்று தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்த பெட்டிகளின் ஸ்டிக்கரில் மேசை எண்ணும் பூட்டிய நேரமும் அச்சாகியிருந்ததால், அவற்றைப் பிரித்து அடுக்கிப் பார்க்க முடிந்தது. அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பழுதானவற்றில் பெரும்பகுதி ஒரே மேசையில், அதுவும் மதிய உணவுக்குப் பின், பூட்டப்பட்டவை.

இரண்டு மேசைகளிலும் எர்த் செய்யப்பட்ட ரப்பர் விரிப்பு உண்டு. இரண்டிலும் வேலை செய்பவர்கள் மணிக்கட்டுப் பட்டை கட்டியிருந்தார்கள். வேறுபாடு ஸ்க்ரூ டிரைவரில் மட்டுமே இருந்தது. பழுது மிகுந்த மேசையில் உலோக முனை நேரடியாகப் பூமியோடு இணைக்கப்பட்ட மின்சார ஸ்க்ரூ டிரைவர். மற்ற மேசையில் அந்தக் கருவி பழுதுபார்க்கப் போயிருந்ததால், பிளாஸ்டிக் பிடி போட்ட சாதாரண ஸ்க்ரூ டிரைவர். நிலைமின் பாதுகாப்பில் முறையாகச் சொல்லித்தரப்படும் எல்லாமும் இருந்த மேசைதான் போர்டுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

விரிப்பின் மேல் ஓர் அளவு, கையில் வேறோர் அளவு

முந்தைய தணிக்கையில் மேசைமேல் இருந்த பொருள்கள் எல்லாவற்றையும் கையடக்க மின்புல மானியால் அளந்து, எதுவும் சில நூறு வோல்ட்டைத் தாண்டவில்லை என்று பதிவு செய்திருந்தார்கள். அளவு பொய்யில்லை. அளந்த இடம்தான் சிக்கல்.

ஃபேன் கூட்டின் மேல்மூடி, பளபளப்பான பாலிகார்பனேட்டால் ஆனது. கீறல் விழாமல் இருக்க அதன்மேல் மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டி வரும். பூட்டுபவர் அந்தப் படலத்தை ஓரத்திலிருந்து நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்து, கீழே உள்ள பெட்டியில் போடுகிறார்; பிறகு மூடியைத் திருப்பி வைத்து அதில் போர்டைப் பொருத்துகிறார். மதியம் இரண்டரை மணிக்கு, ஈரப்பத மானி 30 சதவீதத்துக்குக் கீழே காட்டிய நேரத்தில், அக்கா ஒரு மூடியை உரித்து விரிப்பின் மேல் வைத்தார். மின்புல மானி 400 வோல்ட் காட்டியது. அதே மூடியை ஓரங்களில் பிடித்து அவர் மெல்ல மேலே தூக்கத் தூக்க, எண் ஆயிரங்களுக்குத் தாவியது. ஒரு சாண் உயரத்தில் 9,000 வோல்ட்டைத் தாண்டியது. அவருடைய முன்கையின் மயிர் மூடியை நோக்கி எழுந்து நின்றது. மூடியை விரிப்பில் வைத்ததும் எண் மறுபடியும் சில நூறுக்கு இறங்கியது. மூடியிலிருந்த மின்னூட்டம் இந்த முழு நேரமும் மாறவே இல்லை.

மின்னழுத்தம் என்பது மின்னூட்டத்தை மின்தேக்குத்திறனால் வகுத்தது. எர்த் செய்த விரிப்பின் மேல் மூடி கிடக்கும்போது, மூடியில் இருப்பதற்கு மாறான குறியுள்ள மின்னூட்டம் பூமியிலிருந்து விரிப்புக்கு ஏறிவந்து மூடிக்கு அடியில் குவிகிறது. மூடியின் மின்புலத்தில் பெரும்பகுதி அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, மேலே பிடித்த மானிக்கு மிச்சமே எட்டுகிறது. தூக்கியவுடன் இடைவெளி பெருகி, மின்தேக்குத்திறன் சுருங்கி, அதே மின்னூட்டத்துக்கு மின்னழுத்தம் பல மடங்காகிறது. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்த அளவீடுதான். மேசையோடு ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக்கை அளந்து “பாதுகாப்பு” என்று எழுதுவது பல தொழிற்கூடங்களில் இன்னும் வழக்கமாக இருக்கிறது.

படலத்தை உரிக்கும்போது மின்னூட்டம் உண்டாவதற்குத் தேய்ப்பே தேவையில்லை. வெவ்வேறு இரு பொருள்கள் நெருங்கி ஒட்டியிருந்தாலே போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம் மாறியிருக்கும், பிரிக்கும்போது அது இரண்டு பக்கமும் தங்கிவிடும். நம் மூடியில் எதிர்க் குறியும் உரித்த படலத்தில் நேர்க் குறியும் இருந்தன. இதன் அளவு வியப்பூட்டும்படி மிகச் சிறியது. ஒரு பரப்பின் மின்புலம் காற்றை முறிக்கும் எல்லையைத் தொட, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 27 மைக்ரோகூலூம் போதும். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலூம் என்பதால், பரப்பில் உள்ள லட்சம் அணுக்களுக்கு ஒன்றிரண்டு எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ அந்த எல்லை வந்துவிடும். 1785-இல் கூலூம் முறுக்குத் தராசில் அளந்து நிறுவிய விசை அத்தனை வலியது.

உலோகமாக இருந்தால் பட்டை கட்டிய கை தொட்டவுடன் இந்த மின்னூட்டம் இறங்கிவிடும். பாலிகார்பனேட்டில் எலக்ட்ரான்கள் நகர வழியில்லை. விரல் பட்ட புள்ளியில் இருந்தது மட்டுமே போகும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருப்பது அங்கேயே கிடக்கும், மணிக்கணக்கில். மின்காப்புப் பொருளுக்கு எர்த் கொடுக்க முடியாது என்ற இந்த ஒரு செய்தியைத்தான் அந்தத் தொழிற்கூடத்தில் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மணிக்கட்டுப் பட்டை, விரிப்பு, எர்த் குழி எல்லாமே கடத்திகளுக்கான ஏற்பாடுகள்.

ஸ்க்ரூ தொட்ட நொடி

மூடியிலிருந்து போர்டுக்கு மின்னூட்டம் தாவவே இல்லை. போர்டுக்கு எட்டியது மூடியின் மின்புலம் மட்டும். ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர்கள் போர்டைச் சரியாக அப்படித்தான் பிடித்தார்கள். ஓரத்தில் தாமிரம் இல்லை, ஆகவே போர்டு பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் மிதந்தது. அப்படி மிதக்கும் கடத்தி ஒன்று எதிர்க் குறியுள்ள மூடியின் அருகே வரும்போது, அதன் எலக்ட்ரான்கள் மூடியிலிருந்து விலகிய பக்கத்துக்கு ஒதுங்குகின்றன. மொத்த மின்னூட்டம் இன்னும் சுழிதான். ஆனால் போர்டு முழுவதும் மூடியின் மின்னழுத்தத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு நிற்கிறது. அது 1,000 வோல்ட் என்றும், போர்டின் தரைத்தளத் தாமிரத்துக்கு (சுற்று முழுவதற்கும் பொதுவான சுழி இணைப்பாக அமைந்த தாமிரப் பரப்புக்கு) 15 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் என்றும் வைத்துக்கொண்டால், நேர் எர்த்தில் இருக்கும் ஸ்க்ரூ முனை தரைத்தளத்தோடு இணைந்த துளையைத் தொட்ட நொடியில் 15 நானோகூலூம், அதாவது ஏறத்தாழ 9,400 கோடி எலக்ட்ரான்கள், இரண்டு மூன்று நானோநொடியில் பூமிக்குப் பாய்கின்றன. சராசரி மின்னோட்டமே சில ஆம்பியர். ஆற்றலோ 7.5 மைக்ரோஜூல்தான்; பொறி கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது.

அந்தப் பாய்ச்சல் கேட்டை எப்படித் தாக்கியது என்பதற்கு போர்டின் வரைபடம் விடை தந்தது. கேட்டிலிருந்து ஒரு நீண்ட தாமிரத் தடம் போர்டின் மறு ஓரத்திலுள்ள, அப்போது எதுவும் செருகப்படாத, கனெக்டர் வரை போகிறது. தரைத்தளம் 1,000 வோல்ட்டிலிருந்து நொடியில் சுழிக்கு விழும்போது இந்தத் தடம் உடனே பின்தொடர வேண்டும். அதற்கும் தரைத்தளத்துக்கும் இடையே ஒரு லட்சம் ஓம் தடை ஒன்று இருக்கிறது, மெய்தான். கேட்டின் மின்தேக்குத்திறன் 50 பிகோஃபாரட் என்று கொண்டால், அந்தத் தடை வழியாகச் சமநிலை வர 5 மைக்ரோநொடி ஆகும். பாய்ச்சல் முடிந்துபோன பிறகு ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட காலம். இடைப்பட்ட நேரத்தில் தடம் மூடியின் மின்புலத்தில் தனியே மிதக்க, சோர்ஸ் முனை பூமியோடு நிற்க, நடுவில் உள்ள ஆக்சைடு படலம் அந்த வேறுபாட்டில் ஒரு பங்கைத் தாங்க வேண்டியிருக்கிறது. 1,000 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு வந்தாலே 50 வோல்ட். பழுதே வராத மற்ற மாடலில் கேட் தடம் மிகக் குறுகியது. கனெக்டர் வரை போகவில்லை.

பிளாஸ்டிக் பிடி ஸ்க்ரூ டிரைவரின் உலோகத் தண்டு பூமியோடு இணையாததால், போர்டிலிருந்து மிகச் சிறிதளவு மின்னூட்டத்தையே அது பகிர்ந்துகொண்டது. பூட்டிய பின் வேறு எங்கோ, மெதுவாக, கையின் தடை வழியாகவோ மரப்பலகை வழியாகவோ அந்தப் போர்டுகள் சமநிலைக்கு வந்திருக்கும். அக்காவின் கூற்றுக்கு இயற்பியல் விளக்கம் இதுதான்.

இதே ஏற்பாட்டை வோல்ட்டா 1775-இல் வேண்டுமென்றே செய்து காட்டியிருக்கிறார். எலக்ட்ரோஃபோரஸ் என்று அவர் பெயரிட்ட கருவியில், மின்னூட்டம் பெற்ற பிசின் தட்டின் மேல் உலோகத் தட்டை வைத்து, விரலால் ஒருமுறை தொட்டு எர்த் செய்து, பிறகு தூக்கினால், உலோகத் தட்டு எதிரான மின்னூட்டத்தோடு வெளிவரும். பிசின் எதையும் இழக்காததால் இதை எத்தனை முறையும் திரும்பச் செய்யலாம். பீனியாவில் பாலிகார்பனேட் மூடி பிசின் தட்டாகவும், போர்டு உலோகத் தட்டாகவும், ஸ்க்ரூ முனை விரலாகவும் அமைந்துவிட்டன. மறுவேலைக்காகத் திறந்த கூடுகளில் அடுத்தடுத்து வைத்த இரண்டு மூன்று போர்டுகள் ஒரே மூடியில் கெட்டதும் இதனால்தான். ஒரு போர்டைக் கெடுத்ததால் மூடியின் மின்னூட்டம் குறையவில்லை.

எலக்ட்ரோஃபோரஸின் இரண்டாம் பாதியும் இங்கே நடந்தது. எர்த் பட்ட போர்டில் இப்போது நேர்க் குறி மின்னூட்டம் மீந்து நிற்கிறது. மறுவேலைக்காக அதை மூடியிலிருந்து பிரித்தெடுத்தால் அதன் மின்னழுத்தம் உயரும். அடுத்து அது தொடும் எர்த் செய்த உலோகத்தில் எதிர்த்திசையில் இன்னொரு பாய்ச்சல் நிகழும்.

விளக்கம் பொருந்துகிறதா என்று, கழித்துப் போட்ட போர்டுகளில் புதிய மாஸ்ஃபெட்டுகளை வைத்துச் சோதித்தோம். மூடியை உரிக்காமல் மின்சார ஸ்க்ரூ டிரைவரால் பூட்டியபோது ஒன்றும் கெடவில்லை. உரித்தவுடன் பூட்டியபோது கெட்டன. உரித்த மூடியை அயனியாக்கியின் (நேர், எதிர் அயனிகளை வீசி மின்னூட்டத்தை நீக்கும் கருவியின்) காற்றில் சில நொடி காட்டிய பின் அதே கருவியால் பூட்டியபோது மீண்டும் ஒன்றும் கெடவில்லை. உரித்தவுடன், ஆனால் ஸ்க்ரூ தொடும் முன் தரைத்தளத்தை 10 லட்சம் ஓம் தடை வழியாக எர்த்தோடு இணைத்தபோதும் மாஸ்ஃபெட்டுகள் தப்பின. மின்னூட்டம் வடிந்த வேகம் குறைந்ததால் கேட் தடம் கூடவே வடிய நேரம் கிடைத்தது.

வறண்ட மாதங்கள் பற்றி

ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திவிடும், அதனால் மழைக்காலத்தில் ஸ்டேட்டிக் இல்லை என்று பரவலாகச் சொல்கிறார்கள். காற்றில் கலந்த நீராவி காற்றைக் கடத்தியாக்குவதில்லை. ஈரப்பதம் உயரும்போது பொருள்களின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது; அதில் கரைந்த உப்புகளின் அயனிகள் மின்னூட்டத்தைப் பரப்பின் வழியே வடியச் செய்கின்றன. பெங்களூருவில் மார்ச் மாத விடியற்காலை ஓரளவு ஈரமாகவும் பிற்பகல் மிக வறட்சியாகவும் இருப்பதால், காலை ஷிப்டின் முதல் மணிகளில் பழுது குறைந்து, மதியத்துக்குப் பின் கூடியது. இளஞ்சிவப்பு நிற ஆன்டிஸ்டேட்டிக் கவர்களும் இதே நீர்ப்படலத்தை நம்பியே வேலை செய்கின்றன. ஆகவே தேவை மிகுந்த மாதங்களில் அவற்றின் திறன் குறைகிறது. பூட்டாத போர்டுகளை உலோகப் பூச்சுள்ள தடுப்புறைக் கவர்களுக்கு மாற்றச் சொன்னதற்கு இதுவே காரணம். கடத்தியால் மூடப்பட்ட இடத்துக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று 1836-இல் ஃபாரடே கூண்டு கட்டி நிரூபித்தது அங்கே ஈரப்பதத்தை நம்பாமல் உதவுகிறது.

மாற்றப்பட்டவை

இந்த விளக்கத்தைக் கேட்டதும், மின்சார ஸ்க்ரூ டிரைவரின் எர்த் கம்பியை வெட்டிவிடலாம் என்ற யோசனை எழுந்தது. அதை உறுதியாக மறுக்க வேண்டியிருந்தது. எர்த் இல்லாத முனை தானே மின்னூட்டம் பெற்று வேறு போர்டுகளைத் தாக்கும். மோட்டாரில் கசிவு ஏற்பட்டால் பிடித்திருப்பவருக்கு ஆபத்து. நீக்க வேண்டியது மின்புலம்தான்.

படலம் உரிக்கும் வேலை இப்போது தனி மேசைக்குப் போய்விட்டது. நிலைமின் பாதுகாப்புக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 61340-5-1 தரநிலை, பரப்பு மின்னழுத்தம் 2,000 வோல்ட்டைத் தாண்டும் பொருளைப் போர்டுகளிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. இங்கே மேசையே வேறு என்பதால் அந்த இடைவெளி தாராளமாக இருக்கிறது. உரித்த மூடி அயனியாக்கியின் கீழ் சென்ற பின்னரே பூட்டும் மேசைக்கு வரும். மின்புல மானியால் அளப்பவர் மூடியைக் கையில் தூக்கிப் பிடித்தே அளக்க வேண்டும் என்று வேலைக்குறிப்பில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உரித்த படலங்கள் விழும் பெட்டியையும் நகர்த்தச் சொன்னேன். அவற்றிலும் அதே அளவு மின்னூட்டம், நேர்க் குறியில், இருக்கிறது. போர்டை வடிவமைத்தவர்கள் கேட் தடத்தில் கனெக்டருக்கு அருகே ஒரு தொடர் தடையும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே, மின்னழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ஒரு ஜீனர் டையோடும் சேர்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என் கருத்தில் இதுவே உறுதியான தீர்வு. கையிருப்பில் உள்ள போர்டுகள் தீரும்வரை மற்ற ஏற்பாடுகளே காவல்.

அயனியாக்கியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயர் மின்னழுத்தம் தரும் அதன் ஊசி முனைகளில் பீனியாவின் தூசி படிந்தால், நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் சம அளவில் வருவது நின்றுவிடும்; பிறகு அந்தக் கருவியே மூடிக்கும் போர்டுக்கும் மின்னூட்டம் ஏற்றத் தொடங்கும். தரநிலை அனுமதிக்கும் வேறுபாடு 35 வோல்ட்தான், கேட்டின் எல்லையோ 50 வோல்ட். அதனால் வாரந்தோறும் ஊசிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, சோதனைத் தகட்டில் மிச்ச மின்னழுத்தத்தை அளந்து ஏட்டில் எழுதும் பொறுப்பை மேற்பார்வையாளரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள்.